பற்களின் பிரதிமை

பற்சீரமைப்பு வைத்தியத்தின் அஸ்திவாரம், பாரிஸ் சாந்தில் வார்த்த ஒரு ஜோடிப் பற்பிரதிமைகளே. ஆல்ஜினேட் பசையில் பதிந்த அச்சிலே அந்தச் சாந்தை ஊற்றி, இறுகிய பின் பிரித்தெடுத்துக் கையில் ஏந்தும்போது, 1899-இல் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் வகுத்த முறைப்படி மேலும் கீழுமுள்ள முதற் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் லட்சணத்தை, நாக்கின் பக்கமிருந்தும்கூடக் கண்டறியும் அந்தச் சௌகரியம் அலாதியானது.

ஆயினும் குன்னூர், உதகை போன்ற மூடுபனிப் பிரதேசங்களில், காற்றின் ஈரத்தை உறிஞ்சிய சாந்துப் பொடி, செவ்வனே இறுகும் குணத்தை இழந்துவிடக்கூடும். வார்த்த உருவமோ, சமவெளியிலுள்ள நிபுணரிடம் கொண்டு செல்கையில், மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் முனை உதிரவும் கூடும்.

வாயினுள் செலுத்தும் ஸ்கேனர் எடுத்துத் தரும் டிஜிட்டல் பிரதிமைக்கு ஈரத்தின் பயமுமில்லை, உடையும் அபாயமுமில்லை; தேயிலைத் தோட்டத்துக் குழந்தையின் பல்வரிசையை, கோயம்புத்தூரிலுள்ள நிபுணர் சில நிமிஷங்களில் திரையில் சுழற்றிப் பார்க்கலாம். மேல், கீழ்ப் பற்களின் அகலத்தை அளந்து, அவற்றிடையே 1958-இல் போல்டன் வகுத்த விகிதத்தைக் கணிக்கும்போதும், இரு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சிகிச்சையைப் பாதிக்காத அளவுக்கு அற்பமே என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஸ்பரிசத்தால் கற்க வேண்டிய மாணவனுக்குச் சாந்துப் பிரதிமையும், தூரத்தால் வருந்தும் மலைவாசிகளுக்கு டிஜிட்டல் பிரதிமையும் உத்தமம் என்பதே என் தீர்ப்பு.