அருள் பாலிக்குமா அல்காரிதம்?

வடசென்னையிலே ஒரு சிற்றறை. ஓசை எதிரொலிக்காமலிருக்கச் சுவரிலே பழைய மெத்தை சாத்தப்பட்டிருக்கிறது. மேசைமீது கடன் வாங்கிய மைக். மூன்று மாத உழைப்பிலே ஒரு பாட்டு பிறந்திருக்கிறது. சொல் அவனுடையது, மெட்டு அவனுடையது, குரலும் அவனுடையது. படக் கம்பெனியின் வாயிலில் அந்த இளைஞன் காத்துக் கிடக்கவில்லை. சபாச் செயலாளருக்குச் சால்வை போர்த்தவுமில்லை. தன் பாட்டைத் தானே ஊருக்குத் தரப்போகிறான். எத்துணை பெருமிதம் கொள்ளவேண்டிய நேரம்!

ஆனால், அவன் முகத்திலே பெருமிதம் இல்லை; அச்சம் இருக்கிறது. கடிகாரத்தையே பார்க்கிறான். "மாலை ஆறேகாலுக்கு ஏற்றினால்தான் பரவுமாம்" என்கிறான். "வெள்ளிக்கிழமை நல்லதாம்" என்கிறான். வரிசை பிசகாமல் ஹேஷ்டேக்குகளை எழுதுகிறான். எதற்கென்று கேட்டால் விடையில்லை. எழுதி முடித்து, "இனி எல்லாம் அல்காரிதம் கையிலே!" என்று பெருமூச்செறிகிறான்.

இவனை நாம் ஓரிடத்தில் மட்டும் காணவில்லை. சொந்தக் காலில் நிற்கும் இசைஞர்களிடையே எங்கும் காண்கிறோம். இராகுகாலம் பார்ப்போரைக் கண்டு நகைத்த அதே இளைஞர்கள், நாள் பார்க்கிறார்கள், நேரம் பார்க்கிறார்கள், மந்திரம் எழுதுகிறார்கள், அருள் வேண்டி நிற்கிறார்கள்! கோவில்தான் மாறிற்று, கும்பிடு மாறவில்லை!

சமூக ஊடகமே வேண்டாம் என்போர் அணியில் நாம் இல்லை. அடைபட்டுக் கிடந்த வாயில்களை நாம் மறக்கவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கிற்று. முப்பதாண்டுக் காலம் அந்த எளியவன் வாத்தியம் நிலையத்துக்கு வெளியே நின்றது. 1952இல் அமைச்சர் கேஸ்கர் திரைப்பாட்டைத் தரமற்றதென்று ஒதுக்கினார். மக்கள் என்ன செய்தனர்? கைகட்டிக் காத்திருந்தனரா? இல்லை! வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினர். வீடுதோறும் இலங்கை வானொலி ஒலித்தது. 1957இல் விவித பாரதி பிறந்தது. வாயில் திறந்தது அருளால் அன்று, கேட்போர் திரண்டதால்!

அந்நாளைய வாயிற்காவலனுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, "ஏன் மறுத்தாய்?" என்று அவனைக் கேட்க முடிந்தது. இந்நாளைய காவலனுக்கு முகமில்லை. முகமில்லாத ஆற்றலைக் கண்டால் மனிதன் முதலில் அஞ்சுகிறான். பிறகு அஞ்சியதையே வணங்குகிறான். இடியையும் மின்னலையும் அவன் தெய்வமாக்கியது அப்படித்தானே!

அல்காரிதம் என்பது என்ன? கணக்கிட்டு வரிசைப்படுத்தும் ஒரு முறை. எவர் எதனை எத்தனை நொடி பார்த்தார், எங்கே நிறுத்தினார், யாருக்கு அனுப்பினார் என்று எண்ணுகிறது. எண்ணியதைக் கொண்டு அடுத்து எதைக் காட்டினால் ஆள் எழுந்து போகாமல் இருப்பார் என்று கணிக்கிறது. ஆள் இருக்கும் நேரமே விளம்பரம் விற்கும் நேரம். அதற்குத் தாளமும் தெரியாது, தமிழும் தெரியாது, பாடியவன் பட்டினியும் தெரியாது. அது விளம்பரம் விற்போரின் கணக்குப்பிள்ளை! கணக்குப்பிள்ளையைக் கடவுளென்று எண்ணி ஆரத்தி எடுப்பது அறிவுடைமையா?

அந்தக் கணக்கையாவது நம் இளைஞர்கள் படித்திருக்கிறார்களா? யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு வேண்டுமா? 1,000 சந்தாதாரர் வேண்டும். அதனுடன் ஓராண்டில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் குறும்படங்கள் ஒரு கோடிமுறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி: ஓராண்டில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கு கிடையாது. 999 பேர் தலைக்கு ஒருமுறை கேட்டு உருகினாலும் பாடியவனுக்குச் செல்லாக்காசும் இல்லை! ஒருவர் மாதம் முழுதும் ஓர் இளங்கலைஞன் பாட்டையே கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டிய சந்தா அந்தக் கலைஞனிடமே செல்லும் என்று எண்ணுகிறோம். செல்வதில்லை! எல்லாச் சந்தாவும் ஒரே குளத்தில் கொட்டப்படுகிறது. மொத்தத்தில் எவன் பாட்டு மிகுதியாக ஒலித்ததோ அவனுக்கே பெருங்குடம் நிறைகிறது. ஏழையின் இரசிகன் தந்த காசும் பெரியவன் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது!

இன்னும் கேளுங்கள். 2020இல் அதே நிறுவனம் ஒரு திட்டம் வகுத்தது. உரிமைத்தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க இசைந்தால் உன் பாட்டைக் கூடுதலானோர் செவிக்குக் கொண்டுசெல்வோம் என்பது அதன் சாரம். அமெரிக்காவிலே வானொலிக்காரர் மறைமுகமாகப் பணம் வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டபோது, அதை லஞ்சமென்று கண்டு 1960இல் சட்டமியற்றித் தடுத்தார்கள். இன்று அதன் உறவுமுறைக்காரன் வெளிப்படையாகவே திட்டமென்ற பெயருடன் உலவுகிறான். வரம் கொடுக்கும் சாமி காணிக்கை கேட்குமா, தோழர்களே? கேட்கிறதென்றால் அது சாமியன்று, கடைக்காரன்!

சாமி என்று ஒன்று வந்துவிட்டால் பூசாரி வராமலிருப்பானா? வந்துவிட்டான். "முப்பதே நாளில் இலட்சம் பின்தொடர்வோர்" என்று பாடம் விற்கிறான். "பட்டியலில் உன் பாட்டைச் சேர்க்கிறேன்" என்று தட்சிணை கேட்கிறான். பாட்டுக்குக் கேட்போரைத் தருவதில்லை அவன். கேட்பதுபோல் நடிக்கும் இயந்திரங்களைத் தருகிறான். எண்ணிக்கை ஏறுகிறது, அரங்கிலோ ஆளில்லை. போலிக் கேட்பு அளவு மீறினால் அந்தப் பாட்டுக்குத் தண்டத்தொகை வசூலிக்கும் முறையையும் 2024இல் ஸ்பாட்டிஃபை கொண்டுவந்தது. பூசாரி தட்சிணையோடு போய்விடுவான். தண்டம் கட்டுவது பக்தன்!

பணம் போனால் போகட்டும்; பாட்டு என்ன ஆகிறது? முப்பது நொடி கேட்டால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. ஆகவே முன்னிசை வெட்டப்படுகிறது. பல்லவி பதறிக்கொண்டு முதலில் வருகிறது. ரீல்ஸுக்குப் பதினைந்து நொடித் துண்டு வேண்டும். ஆகவே அந்தத் துண்டை முதலில் செய்துவிட்டு, மிச்சத்தைத் திணிக்கிறார்கள். சென்னையின் கானா, சாவு வீட்டிலே இரவெல்லாம் விழித்திருந்து பாடப்பட்ட பாட்டு. இறந்தவன் வாழ்வைச் சொல்லி, இருப்பவன் துயரைச் சொல்லி, விடியும்வரை நீளும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த இரவைப் பதினைந்து நொடியில் அடைக்க முடியுமா? சுருங்கச் சொல்வது கலைதான். ஆனால் சுருக்கம் பாட்டின் தேவையால் வரவேண்டும். விளம்பரக் கடையின் அளவுகோலால் வரலாகாது. பாடகனோ இன்று பாதி நாள் பாடகன். மீதி நாள் ஆடுகிறான், சமைத்துக் காட்டுகிறான், அழுது காட்டுகிறான். பாட்டைப் பரப்பப் புறப்பட்டவன் தன்னையே பண்டமாக்கிக் கடைவிரிக்கிறான்.

சரி, அந்தக் கோவிலாவது நிலையானதா? மைஸ்பேஸ் என்றொரு தளம் இருந்தது. ஒரு காலத்தில் உலகத்துச் சிறு இசைஞர்களுக்கெல்லாம் அதுவே மேடை. 2019இல் ஒரு செய்தி வெளியாயிற்று: இயந்திர மாற்றத்தின்போது, 2016க்கு முன்பு ஏற்றப்பட்டவை அழிந்துவிட்டன. ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் கலைஞர்கள். ஐந்து கோடிப் பாட்டுகள்! வேறு படி வைத்திராதவனுக்குத் தன் இளமையின் குரலே இல்லையென்றாயிற்று. நம் நாட்டுக்கு வருவோம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. தடையின் சரி தவறு வேறு வழக்கு. ஆண்டுக்கணக்கில் அங்கே ஆள் சேர்த்தவர்களின் கூட்டம் ஓரிரவில் கலைந்தது என்பதே நாம் காணும் பாடம். எவர் வந்தார், எவ்வூர்க்காரர், மறுபடி அழைப்பது எப்படி என்று கலைஞனிடம் ஒரு குறிப்பும் இல்லை. பின்தொடர்வோர் அவனுடைய சொத்து அன்று. தளக்காரன் இரவல் தந்த கூட்டம்!

"நன்றாகப் பரவிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். பரவிய பாட்டையே பார்ப்போம். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. திரைப்படம் இல்லை, நாயகன் இல்லை. நிலமற்றவர் நினைவைப் பாட்டியின் குரல் வழியே அறிவு எழுத, தீயும் அவரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த பாட்டு. தேயிலைத் தோட்டத்துக்குச் சென்று மீண்டோரின் வலி அதில் இருந்தது. கோடிக்கணக்கானோர் கேட்டனர், கடல் கடந்தும் ஆடினர். தனி இசையாலும் தமிழகத்தைத் தட்டி எழுப்ப முடியும் என்று காட்டிய பாட்டு அது. அதன் சிறப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. பிறகு நடந்தது என்ன? அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை, கேள்வி எழுந்தது. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது; அவர் மேடையில் இல்லை; ஆக்கியவர் யார், எவ்வளவு என்று வழக்காடினர். 2024இல் இசையமைப்பாளரே முன்வந்து, இப்பாட்டால் தங்களுக்குக் காசு வந்து சேரவில்லை என்று ஊரறியச் சொன்னார். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் அமரவில்லை. நாம் காட்டுவது ஒன்றே. நிலம் உழுதவனுக்கு இல்லை என்று அழுத பாட்டிலேயே, பாட்டு யாருக்கு என்ற கேள்வி எழுந்துவிட்டது! புகழ் வேறு, உரிமை வேறு. அல்காரிதம் புகழைத் தரலாம். உரிமையை ஒருபோதும் தராது.

அப்படியானால் வழி? 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை. கானாவும் ராப்பும் ராக்கும் கைகோத்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதல் பாடிற்று. மக்கள் முன்னே நின்றனர், வியர்வையோடு நின்றனர். அதன் பின்னரே யூடியூபில் அந்தப் பாட்டுகள் உலா வந்தன. மேடை முதலில்; திரை பிறகு. ஊரிலே வேர் இருந்தது. ஆகவே ஊடகத்திலே கிளை பரவிற்று. வேரில்லாமல் கிளையை மட்டும் வளர்க்க முயல்வோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

சமூக ஊடகம் தெரு. தெருவில் நின்று பாடுங்கள், கூப்பிடுங்கள், ஆனால் தெருவிலேயே குடியிருக்காதீர்கள். வந்தவர்களின் மின்னஞ்சலை இசைவோடு வாங்கி உங்கள் ஏட்டில் எழுதிவையுங்கள்; நூறு பேர் ஆனாலும் அவர்கள் உங்கள் கேட்போர். பாட்டின் மூலப்படியைத் தளக்காரனை நம்பி விடாமல் உங்கள் பெட்டியில் வையுங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் இசைக்கோப்பை விலைக்கு விற்றால் தளத்தின் பங்கு நூற்றுக்குப் பதினைந்து. மிச்சத்தில் பணம் கடத்தும் செலவு போக உங்களுக்கு. அந்தத் தளமும் 2022இலும் 2023இலும் கைமாறியது என்பதையும் மறவாதீர்கள். எந்தக் கடையும் கோவில் அன்று! சேர்ந்து பாட்டு செய்கிறீர்களா? நட்பு கசக்கும் முன்பே, சொல் யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாட்டெழுதியவனும் இசையமைத்தவனும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாததாக்கிற்று. அவ்வுரிமையைப் பறிக்கும் ஒப்பந்தம் செல்லாது. சட்டம் தந்த படைக்கலத்தை உறையிலே வைத்துவிட்டு, கணக்குப்பிள்ளையின் கடைக்கண்ணுக்கு ஏங்கலாமா?

கேட்போராகிய நமக்கும் கடமை உண்டு. கட்டைவிரலால் ஒரு இதயம் அழுத்திவிட்டு, கலையை வாழவைத்துவிட்டோம் என்று எண்ணுகிறோம். ஒரு தேநீர் விலையைப் பாடியவன் கையிலே நேரே கொடுத்தோமா? நம் படிப்பகத்தில், நம் தெருமுனையில், அவனுக்கொரு மாலையை ஒதுக்கினோமா? வானொலி முள்ளைத் திருப்பிய பாட்டன்மாரின் பேரன்மார் நாம். அவர்கள் திரண்டார்கள், வாயில் திறந்தது. நாம் தனித்தனியே திரையைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

மெத்தை சாத்திய அறையிலே அந்த இளைஞன் இன்னும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொல்லுவோம்: ஆறேகாலும் வேண்டாம், வெள்ளிக்கிழமையும் வேண்டாம். பாட்டு முடிந்ததா? அதுவே நல்ல நேரம். கதவைத் திற, தெருவிலே நாங்கள் இருக்கிறோம்!