புளியோதரைக்குள் கோதுமை

வெந்நீர் ஊற்றினால் சில நிமிடங்களில் உணவு தயார் என்னும் பொட்டலங்கள் கடைகளில் நிறைந்துள்ளன. ரயில் பயணத்திற்காக என் அக்காள் மகனுக்கு அப்படி ஒரு புளியோதரைப் பொட்டலம் வாங்கினோம். ஏழு வயதுச் சிறுவன். சீலியாக் நோய் உள்ளவன். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறிதளவு உட்சென்றாலும், அவன் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைத் தாக்கிச் சிதைக்கும். குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே மருத்துவம்.

அரிசியில் குளூட்டன் இல்லை. பின் என்ன குறை? பொட்டலத்தின் பின்புறம் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்றிருந்தது. இதில் கோதுமை மாவு கலப்பது நம் நாட்டில் பரவலான வழக்கம். ‘கோதுமை உண்டு’ என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் ஒட்டுமடிப்பின் ஓரத்தில், பூதக்கண்ணாடிக்கு வேலை தரும் எழுத்தில்!

ஒரு சிட்டிகைப் பெருங்காயம் என்ன செய்துவிடும்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், ‘குளூட்டன் அற்றது’ என அச்சிட இந்திய விதிகள் அனுமதிப்பதில்லை. கிலோவுக்கு 1 கிராம் கூட்டுப் பெருங்காயம், அதில் பாதி கோதுமை மாவு என்று கொள்வோம். மாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு குளூட்டன். ஆக 40 மில்லிகிராம். வரம்பைப் போல் இரு மடங்கு.

அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்பனையில் உண்டு. அதைச் சேர்ப்பதில் தயாரிப்பாளருக்கு என்ன தடை என்று விளங்கவில்லை. ரயிலில் பையன் சாப்பிட்டது வீட்டு இட்லியும், பெருங்காயம் போடாத மிளகாய்ப்பொடியும்தான்.