சித்திரைப் பூவுக்குக் கார்த்திகை வேலை

தை பிறந்ததும் நர்சரிகளில் டேலியாவும் பெட்டூனியாவும் நிறம் நிறமாக நிற்கும். வாங்காமல் வருவது கஷ்டம்தான். ஆனால் மாசி வெயில் ஏறும்போதே அவை தலை தொங்கிவிடும், பங்குனியில் தொட்டி மட்டும் மிஞ்சும். கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இளவேனில் தோட்டம் போட நினைப்பவர் இந்த வண்ணத்துக்கு மயங்கக் கூடாது என்பது என் கட்சி.

குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்கிய டாஃபடில் கிழங்கு, குளிர் விலகியதும் பூக்கிறது. நமக்குக் குளிர் ஏது? ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும், தையில் மண் காயத் தொடங்கும். அந்தக் காய்ச்சலில் இலையை உதிர்த்துவிட்டுப் பூவுக்குத் தயாராகும் செடியும் மரமுமே இந்தக் கரையோரத்தின் இளவேனிலுக்கு உரியவை. ஆகவே ஐப்பசித் தண்ணீரில் வேர் அழுகாமல் நிற்குமா என்று முதலில் கேட்க வேண்டும். மாசி வறட்சி அதைப் பூக்கத் தூண்டுமா என்பது அடுத்த கேள்வி. நிறம் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.

குண்டுமல்லி இந்த இரண்டையும் தாண்டிவிடும், தண்ணீர் தேங்காத இடமாக இருந்தால். கடலூர் கேப்பர் மலைச் செம்மண்ணில் கவலையில்லை. சிதம்பரத்துக் களிமண்ணில் மேடு கட்டி, மணல் கலந்துதான் நட வேண்டும். இல்லாவிட்டால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்தால் தேறும். மல்லியின் பூ புதிதாக விடும் கிளையில்தான் வரும் என்பதால் கவாத்து முக்கியம். தண்ணீரை நிறுத்தி, நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மொத்தத்தையும் வெட்டுவது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. நம் ஊரில் அது புயல் சின்னங்கள் வரிசைகட்டும் வாரம். வானம் வெளுக்கும்வரை தள்ளிப்போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பூ மார்ச்சில் தொடங்கும். முல்லையை ஜனவரி கடைசியில் வெட்ட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளும் அவசரக்காரர்களுக்கு, ஒன்றை அடுத்து மற்றொன்று பூக்கும் சுகம் கிடைக்காது.

கண்ணுக்குச் சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்குக் கல்யாண முருங்கை இருக்கிறது. கல்யாணப் பந்தலில் நடும் அதே மரம்தான். மழை முடியும் தறுவாயில் ஒரு போத்தை வெட்டி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். மாசியில் இலையெல்லாம் கொட்டி, வெறுங்கிளையில் சிவப்புக் கொத்து விடும். காக்கையும் மைனாவும் தேனுக்கு அடித்துக்கொள்ளும். தோட்டத்துக்கு ஒன்று போதும், இரண்டு வைத்தால் கட்சி மாநாட்டுத் திடல் போலாகிவிடும். கட்டை மிருது, காற்றுக்குத் தாங்காது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியுமே சாய்ந்தன, முருங்கை எம்மாத்திரம்? வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

வேம்பும் புங்கும் யாரும் நடாமலே வந்துவிடுபவை. பங்குனியில் பூக்கும், வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைக்கும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லையை வீட்டில் வைக்க யாராவது ஆசைப்பட்டால் மட்டும் தடுத்துவிடுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது பிச்சாவரத்து உப்பங்கழியிலேயே இருக்கட்டும்.

என் தேர்வு பாதிரி. திருப்பாதிரிப்புலியூர் என்று ஊருக்கே பெயராகி, பாடலீசுவரர் கோயிலின் தலமரமாகவும் நிற்கிறது. அப்படியிருந்தும் உள்ளூர் நர்சரியில் கேட்டால் விழிப்பார்கள். காரணம் புரிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சரக்கொன்றையின் பொன்னுக்கு முன் பாதிரி எடுபடாது. குழல் வடிவப் பூ, மங்கிய செம்மை, உள்ளே மஞ்சள் கோடு, ஓரத்தில் சுருக்கம், மேலெல்லாம் மெல்லிய ரோமம். கையில் எடுத்து முகர்ந்து பார்த்தவருக்கே அதன் அருமை தெரியும். சங்கப் புலவர்கள் வேனில் என்றாலே இதை நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை. நாலடியார் ஒருபடி மேலே போகிறது. புதுப் பானைத் தண்ணீருக்குப் பாதிரிப்பூ தன் மணத்தைத் தருவதுபோல, கற்றவரோடு சேர்ந்தால் கல்லாதவருக்கும் அறிவு வரும் என்கிறது. நீதி இருக்கட்டும், கோடையில் பானைத் தண்ணீரில் பூப்போட்டுக் குடித்த அந்த ரசனையைத்தான் நான் கவனிக்கிறேன்.

ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடல் மட்டும் பாதிரிக்கு அநியாயம் செய்துவிட்டது. சொல்லாமலே செய்பவர் பலா, சொல்லிச் செய்பவர் மா, சொல்லியும் செய்யாதவர் பாதிரி என்று, பூவைச் சொல்லாகவும் காயைச் செயலாகவும் வைத்து அது வகைபிரிக்கிறது. மூவரில் இருவர் கடலூர் மாவட்டத்தார் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பாதிரி பூத்துவிட்டுக் காய்க்காமல் இருப்பதில்லை. நீண்ட காய் விட்டு, வெடித்து, சிறகு முளைத்த விதைகளைக் காற்றில் அனுப்புகிறது. வேர் தசமூலத்தில் ஒன்று. இதற்கு மேல் ஒரு மரம் என்னதான் செய்ய வேண்டும்?

வளர்க்க நினைப்பவர் இடத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். முற்றினால் மூன்று மாடிக்கு மேல் போகும். முதல் பூவுக்கும் பல வருஷம் காத்திருக்க வேண்டும். அரை கிரவுண்டு மனையில் கிணற்றடியும் கார் நிறுத்துமிடமும் போக மீந்த மூலையில் இது ஆகாது. அங்கே மல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொல்லை வைத்திருப்பவர் வரப்போரம் ஒன்று வைக்கலாம், பெரிய தெருவுக்குப் பொதுவில் ஒன்று என்றாலும் சரி. புங்கையும் தூங்குமூஞ்சியையுமே நட்டுக்கொண்டிருக்கும் மாநகராட்சிக்காரர்களிடம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் ரோட்டுக்காக ஒரு மனு எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன்.