முன்னுரிமையும் மெய்நிகர் பொறியும்: ஒரு விமர்சன நோக்கு

மெய்நிகர் பொறிகள் பற்றிய கோட்பாட்டு ஆய்வுகளுள் தலையாயதாகக் கொள்ளப்படுவது, ஜெரால்ட் பொபெக், றொபேட் கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் 1974 இல் வெளியிட்ட கட்டுரையாகும். ஒரு கணனியின்மீது பல கணனிகள் இருப்பதுபோலத் தோற்றுவிக்கும் மென்பொருள் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்தல் வேண்டும் என அவர்கள் வகுத்தனர். உள்ளே ஓடும் நிரல் மெய்யான பொறியில் ஓடுவது போன்றே நடத்தல் வேண்டும். அறிவுறுத்தல்களுட் பெரும்பாலானவை இடையீடின்றி மெய்யான முறைவழியாக்கியிலேயே நிறைவேறல் வேண்டும். வளங்கள் யாவும் மேற்பார்வை நிரலின் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். அவ்வகுப்பின் தருக்கச் செறிவு பாராட்டற்குரியதே. ஆயினும் முதலாம் நிபந்தனைக்கு அவர்களே இரு விலக்குகள் தந்துள்ளனர்: வளங்கள் கிடைக்கும் அளவினால் எழும் வேறுபாடும், நேரத்தினால் எழும் வேறுபாடும் கணக்கிற் கொள்ளப்படா. வாசிப்போர் பலர் தாண்டிச் செல்லும் இவ்விலக்கிலேயே நமது சிக்கல் முழுவதும் பொதிந்துள்ளது. முன்னுரிமை என்பது நேரத்தைப் பற்றிய பேச்சன்றி வேறன்று.

பணிசெயல் முறைமை தன்பால் உள்ள முறைவழிகளுள் எதற்கு எவ்வளவு நேரம் என்பதை முன்னுரிமை கொண்டு தீர்மானிக்கிறது. லினக்ஸை எடுத்துக்கொள்வோம். அங்கே முன்னுரிமை எண் -20 இலிருந்து 19 வரை செல்லும். எண் குறையக் குறைய உரிமை கூடும். இடைநிலையான 0 இற்கு எடை 1,024. மிகத் தாழ்ந்த 19 இற்கு 15. மிக உயர்ந்த -20 இற்கு 88,761. எனவே ஒரே முறைமையில் இவ்விரு எல்லைகளும் ஒரு முறைவழியாக்கிக்குப் போட்டியிடின், உயர்ந்தது தாழ்ந்ததைவிட ஏறத்தாழ 5,900 மடங்கு நேரம் பெறும்.

இனி அவ்விரு முறைவழிகளையும் இரு மெய்நிகர் பொறிகளுள் வைப்போம். கே.வி.எம். என்னும் மென்பொருளில், மெய்நிகர் முறைவழியாக்கி ஒவ்வொன்றும் வெளியேயுள்ள லினக்ஸின் கண்ணுக்குச் சாதாரண இழை ஒன்றே. நிருவாகி மாற்றாதவிடத்து அவ்விழைகளின் முன்னுரிமை 0. இரண்டும் ஓயாது உழைப்பனவாயின், ஒவ்வொன்றும் சரிபாதி நேரம் பெறும். முதற் பொறியினுள் அவசரமேயில்லாத வேலை பாதி பெற, மற்றதனுள் உயிர்போகும் அவசரமுடைய வேலையும் அதே பாதியையே பெறும். 5,900 மடங்கு என்ற ஏற்றத்தாழ்வு ஒன்றுக்கொன்று ஆகிவிடுகிறது. இதனைச் சமத்துவம் என்று எவரும் மயங்கவேண்டாம். உள்ளே எழுதப்பட்ட எண் வெளியே வாசிக்கப்படவேயில்லை என்பதே உண்மை. (அடித்தளம், மேற்கட்டுமானம் என எழுதிப் பழகிய கைக்கு இங்கே உவமை எளிதில் வரும், அதனைத் தவிர்ப்பதே நன்று.)

இதைவிடக் கொடிய விளைவொன்றை 2004 இல் காள்சுரூவே பல்கலைக்கழக ஆய்வாளர் ஆராய்ந்தனர். பல முறைவழியாக்கிகளுடைய மெய்நிகர் பொறியில், ஒன்று பூட்டொன்றைப் பிடித்திருக்கும் கணத்தில் மேற்பார்வை நிரல் அதனை நிறுத்திவிடக்கூடும். ஏனையவை அப்பூட்டுக்காகச் சுழன்றவண்ணம் காத்திருக்கும். பூட்டு நொடியில் விடுபடும் என்ற நம்பிக்கையிலேயே அச்சுழற்சி எழுதப்பட்டது; மெய்யான பொறியில் அந்நம்பிக்கை நியாயமானது. இங்கோ நேரத்தை உண்டு வேலை எதுவும் செய்யாதிருப்பவை ஓட, வேலையை முடிக்கவல்லது நிறுத்தப்பட்டிருக்கிறது.

சொல்லாட்சி ஒன்றும் நோக்கற்பாலது. மெய்நிகர் பொறி ஓட ஆயத்தமாயிருந்தும் மேற்பார்வை நிரல் வேறொருவர்க்கு ஊழியஞ் செய்த காலத்தை, லினக்ஸ் கணக்கேடு 'திருடப்பட்ட நேரம்' எனக் குறிக்கிறது. விற்பவர் மொழியில் அதுவே 'பகிர்வு'. திருட்டின் அளவைத் திருடியவனே அறிவிக்கவேண்டும் என்பது வேடிக்கை: மேற்பார்வை நிரல் கூறாவிடின் உள்ளிருக்கும் முறைமை அதனை நேராக அறிய வழியில்லை.

மேற்பார்வை நிரலின் பார்வையில் முன்னுரிமைக்கு அடிப்படை எது? 1972 இன் ஐ.பி.எம். வி.எம்./370 முறைமையில், குறித்த பயனருக்குச் சலுகை நேரம் வழங்கும் அதிகாரம் நிருவாகத்தின் கையில் இருந்தது. இன்று அவ்விடத்தில் விலை அமர்ந்துள்ளது. அமேசன் 2014 இல் அறிமுகப்படுத்திய 'டி2' வகையின் மைக்ரோ பொறி, மணிக்கு 6 வரவுப் புள்ளிகள் ஈட்டும். ஒரு புள்ளி முழு வேகத்தில் ஒரு நிமிடம். அதாவது நிலையான உரிமை பத்திலொன்று. சேமித்த புள்ளிகள் தீர்ந்தபின், கூடுதற் கட்டணஞ் செலுத்தும் ஏற்பாடு இல்லாதவிடத்து, உள்ளே -20 என எழுதியும் பயனில்லை.

உள் முன்னுரிமையை மேற்பார்வை நிரலுக்கு அறிவித்தால் தீருமே எனக் கூறுவாருளர். அக்கூற்று ஒருபுடை உண்மையே. ஆயின் ஒருவரையொருவர் அறியாத வாடிக்கையாளர் கூடுமிடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வேலை யாவும் அவசரமானதே என்பர். அதனைச் சரிபார்க்கும் அளவுகோல் மேற்பார்வை நிரலிடம் இல்லை. பொறி முழுவதும் ஒரு நிறுவனத்துக்கு உரியதாயின் நிலைமை வேறு: அவசர வேலையைத் தனி மெய்நிகர் பொறியில் வைத்து, அதன் இழைகளுக்கு வெளிமுறைமையிலேயே உயர் முன்னுரிமை கொடுத்தலும், அவற்றுக்கென முறைவழியாக்கி ஒன்றை ஒதுக்கிவிடுதலும் அங்கே இயலும்.