பொறுப்பும் உடைமையும்

இலங்கையின் இணைய முகவரிகள் பல 'எல்கே' என்னும் ஈரெழுத்துடன் முடிவதை நாம் அறிவோம். ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தகைய குறியீடு உண்டு. அதனை நிருவகிக்கும் பொறுப்பை யாரிடம், எவ்வாறு ஒப்படைத்தல் வேண்டும் என்பதை, 1994 மார்ச்சில் ஜோன் பொஸ்டல் எழுதிய ஆவணம் வகுத்துரைத்தது. ஆர்எஃப்சி 1591 என வழங்கும் அதனைத் தொழில்நுட்பக் குறிப்பாக மட்டுமன்றி, ஒரு சமுதாய நோக்கின் வெளிப்பாடாகவும் ஆராய்தல் தகும்.

ஆவணத்தின் இலட்சியம் உயர்ந்தது. குறியீட்டை நிருவகிப்போர் அதன் உடைமையாளரல்லர். அந்நாட்டுக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் பொறுப்புடைய அறங்காவலரே என்கின்றது. நிருவாகத் தொடர்பாளர் அந்நாட்டிலேயே வசித்தல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. ஆனால், எது நாடு என்ற தீர்ப்பை ஐஎஸ்ஓ 3166 என்னும் பட்டியலிடம் விட்டுவிடுகின்றது. குறைபாடு இங்கேதான் தொடங்குகின்றது. பட்டியல் நிலத்தைக் கூறுமேயன்றி, அந்நிலத்தின் மக்கள் எங்கே என வினவுவதில்லை.

'ஐஓ' என்னும் குறியீட்டை நோக்குவோம். அது பிரித்தானிய இந்து சமுத்திர ஆட்புலத்துக்கு, அதாவது சாகோஸ் தீவுகளுக்கு உரியது. 1965இல் பிரித்தானியா அத்தீவுகளை மொரிசியசிலிருந்து பிரித்தது. அடிமைகளாகவும் ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அங்கே தென்னந்தோட்டங்களில் உழைத்து வாழ்ந்தனர். டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரையில் அவர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1997இல் குறியீடு ஒப்படைக்கப்பட்டபோது, அது சேவை செய்யவேண்டிய சமூகம் அங்கே இருக்கவில்லை. பிரித்தானிய நிறுவனமொன்று அதனை நிருவகித்தது. 'உள்ளீடு, வெளியீடு' என்பதன் ஆங்கிலச் சுருக்கமும் அதுவேயாதலால், கணினித் தொழில் நிறுவனங்கள் அம்முகவரிகளை விரும்பி வாங்கின. 2017இல் அந்நிருவாக நிறுவனம் ஏறத்தாழ 7 கோடி டொலருக்குக் கைமாறியது. உடைமையன்று எனக் கூறப்பட்டது விலைபோயிற்று!

2025 மே 22இல், தீவுகளின் இறைமையை மொரிசியசுக்கு மாற்றும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பட்டியலிலிருந்து ஒரு குறியீடு நீக்கப்படின், முகவரி பெற்றோர் மாறிக்கொள்வதற்கு 5 ஆண்டு அவகாசம் உண்டென 2022இல் ஏற்கப்பட்ட விதிகள் கூறுகின்றன. தீவை இழந்த மக்களுக்கு எவரும் இத்தகைய அவகாசம் அளித்ததில்லை.

பொஸ்டலின் இலட்சியத்தை நாம் நிராகரிக்கவில்லை. அதனை மெய்ப்பிக்கவேண்டுமென்றே கோருகின்றோம். 'சமூகம்' என்னும் சொல் உழைத்து வாழ்ந்த மனிதரைக் குறிக்காதவரை, அறங்காவலர் என்னும் சொல்லும் வாணிகத்தின் போர்வையாகவே எஞ்சும்.