வராத பிரிட்டன்

2016 அக்டோபர் 4, டொராண்டோ. தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய ஒற்றை பேஸ்பால் ஆட்டம். 11வது இன்னிங்ஸ், 2-2. பால்டிமோர் மேலாளர் பக் ஷோவால்டரிடம், பாதியில் வந்து வீசும் ரிலீவர்களில் அந்த ஆண்டின் ஆகச்சிறந்தவரான ஸாக் பிரிட்டன் இருந்தார்: 47 வாய்ப்பில் 47 சேவ். இறக்கவில்லை. உபால்டோ ஹிமெனெஸ் வீசினார். என்கார்னாசியோனின் ஹோம் ரன்னில் 5-2, கதை முடிந்தது.

முன்னிலை கிடைத்த பிறகு அதைக் காக்க பிரிட்டன் என்பது கணக்கு. வராத முன்னிலைக்கு எதுக்குங்க காவல்? ‘சேவ்’ என்பது 1969இல் அதிகாரபூர்வமான ஒரு புள்ளிவிவரம், அவ்வளவுதான். அளக்க வந்த கோல் ஆட்டத்தையே நடத்த ஆரம்பித்துவிட்டது என்பதுதான் என் புகார். அதே அக்டோபரில் கிளீவ்லாந்தின் டெர்ரி ஃபிராங்கோனா, ஆண்ட்ரூ மில்லரை 5வது இன்னிங்ஸிலேயே இறக்கினார். லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது மில்லருக்குத்தான் போனது.