எண்ணை அழித்த ஸ்கிரிப்ட்: பூட் லாக்கைச் சுருக்குவது பற்றிச் சில குறிப்புகள்

4,096 செயலிகள் உள்ள ஒரு கணினி பூட் ஆகிறது. அது கன்சோலுக்கு அனுப்பும் செய்திகள் 56கே வேகமுள்ள சீரியல் போர்ட் வழியாக வெளியே வந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் 84 நிமிடம். இது என் கணக்கு இல்லை. 2009-இல் எஸ்ஜிஐ நிறுவனத்தின் மைக் டிராவிஸ் லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பிய ஒரு பேட்ச்சின் விளக்கத்தில் இருக்கும் மதிப்பீடு.

முதலில் படித்தபோது மிகைப்படுத்துகிறாரோ என்று தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று வைத்தால், 56கே வேகத்தில் நொடிக்கு 5,600 எழுத்து போகும். 84 நிமிடத்துக்கு 2 கோடியே 82 லட்சம் எழுத்து. அதை 4,096-ஆல் வகுத்தால் ஒரு செயலிக்கு ஏறக்குறைய 6,900 எழுத்து, அதாவது எண்பது தொண்ணூறு வரி. அந்தக் காலத்து டிமெசேஜைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொரு செயலியும் எழுந்து வரும்போது தன் பெயர், கேஷ் அளவு, போகோமிப்ஸ் என்று முழு ஜாதகத்தையும் ஒப்பிக்கும். நாலு செயலி இருந்தால் பரவாயில்லை, 4,096 இருந்தால்?

நேரம் போவதுகூடப் பெரிய விஷயம் இல்லை. கெர்னல் தன் செய்திகளை ஒரு வட்ட பஃபரில் வைக்கிறது. இடம் நிரம்பினால் பழையது அழிந்து அதன்மேல் புதியது ஏறும். பஃபர் 256 கிலோபைட் என்றால், மேலே சொன்ன 2.82 கோடி எழுத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அதில் நிற்காது. பூட் ஆரம்பத்தில் நினைவகத்தைப் பற்றியோ பயாஸைப் பற்றியோ வந்த முக்கியமான ஒரு வரி, ஆயிரக்கணக்கான ஜாதகங்களுக்கு அடியில் போய்விடும். ஆக, திரும்பத் திரும்ப வரும் வரிகளைக் குறைப்பது வெறும் அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை. குறைக்காவிட்டால் வேறு எதையோ இழக்கிறோம். இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

எப்படிக் குறைப்பது என்பதில்தான் எனக்குச் சண்டை இருக்கிறது.

டிராவிஸின் பேட்ச் என்ன செய்தது என்று பாருங்கள். செயலிக்கு ஒரு பத்தி என்பதை எடுத்துவிட்டு, ஒரு நோடுக்கு ஒரு வரி என்று ஆக்கியது. "பூட்டிங் நோட் 0, பிராசசர்ஸ் #1 #2 #3 #4" என்று எண்கள் மட்டும் வரிசையாக வரும், கடைசியில் "ஓகே". மற்ற விவரங்களில் பல ஏற்கெனவே ப்ராக், சிஸ்எஃப்எஸ் கோப்புகளில் கிடைப்பவை. சிலவற்றை டீபக் நிலைக்கு இறக்கி, கன்சோலுக்குப் போகாமல் பஃபரில் மட்டும் இருக்கும்படி செய்தார். இந்த மாற்றம் 2.6.33 கெர்னலில் சேர்ந்தது. பிறகு 2013-இல் போரிஸ்லாவ் பெட்கோவ் இதை இன்னும் நெருக்கி, எண்களை நெடுவரிசையாக ஒழுங்குபடுத்தினார். இன்று உங்கள் லேப்டாப்பில் டிமெசேஜ் போட்டுப் பார்த்தாலும் அதன் வாரிசு வரியைப் பார்க்கலாம்.

இதை நல்ல சுருக்கம் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. எண் போகவில்லை. ஏழாவது செயலி எழவில்லை என்றால், பழைய முறையில் எண்பது வரி குறைவாக இருக்கும், ஆனால் லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவில் எந்த மனிதக் கண்ணுக்கும் அது தெரியாது. புதிய முறையில் #6-க்கு அடுத்து #8 வந்தால் பல்வரிசையில் ஓட்டை மாதிரி உடனே தெரியும். வரிகள் குறைந்தன, தெரிய வேண்டியது கூடியது.

இப்போது மோசமான சுருக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்லியாக வேண்டும். அதை எழுதியவன் நான்.

பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கோப்பு சர்வர் இருந்தது. நாலு டிஸ்க், ரெய்டு 5. ஒவ்வொரு பூட்டிலும் "ஏடிஏ3: ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்ற வரி திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது போர்ட்டில் இருந்த டிஸ்க் சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும், புது டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டாயிற்று. அதுவரை தினமும் காலையில் வரும் பூட் அறிக்கை இந்த வரியாலேயே நிரம்பி வழிந்தது. எரிச்சலில் ஒரு சின்ன பெர்ல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக மடித்து, பக்கத்தில் எத்தனை தடவை என்று போடும். "ஒரே மாதிரி" என்பதைக் கண்டுபிடிக்க, வரியில் உள்ள எல்லா எண்களையும் ஒரு நட்சத்திரக் குறியாக மாற்றினேன். நேரம், முகவரி, செக்டர் எண் எல்லாம்தான் வரிக்கு வரி மாறுமே, அதனால்.

அறிக்கை இருநூறு வரியிலிருந்து இருபது வரியானது. மேனேஜர் பாராட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன்.

பத்து நாள் கழித்துப் புது டிஸ்க் வந்தது. மூன்றாவதைக் கழற்றி மாட்டி, ரீபில்டு ஆரம்பித்தோம். ரீபில்டு நடக்கும்போது மீதி மூன்று டிஸ்க்குகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். நாற்பது சதவீதம் தாண்டியதும் ஐந்தாவது போர்ட்டில் இருந்த டிஸ்க் கையை விரித்தது. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. கடைசி பேக்கப் ஒன்பது நாள் பழையது.

அன்று ராத்திரி மூல லாக்கை எடுத்துப் பார்த்தேன். "ஏடிஏ5: ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" ஒரு வாரமாக வந்துகொண்டிருந்தது. என் ஸ்கிரிப்ட்டுக்கு 3-உம் 5-உம் ஒன்றுதான், இரண்டுமே நட்சத்திரம். எண்ணிக்கை 41-இலிருந்து 58 ஆனதுதான் ஒரே தடயம். அதை நான் "மூன்றாவது இன்னும் மோசமாகிறது" என்று படித்துக்கொண்டேன். ஒன்பது நாள் வேலை போனது என்னுடையது மட்டும் இல்லை. எட்டுப் பேருடையது.

இதை என் முட்டாள்தனம் என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் பிறகு கெர்னல் மூலநிரலைப் படித்தபோது அதே பிழை இன்னும் நாகரிகமான உடையில் அங்கேயும் இருப்பதைப் பார்த்தேன். கெர்னலில் மறுபேச்சைக் குறைக்க இரண்டு முக்கியக் கருவிகள். "ஒன்ஸ்" வகை: ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. "ரேட்லிமிடெட்" வகை: வழக்கமாக 5 நொடிக்கு 10 செய்திவரை விடுவது, மீதியைத் தள்ளிவிட்டு "இத்தனை கால்பேக் தடுக்கப்பட்டன" என்று எண்ணிக்கை மட்டும் சொல்வது. பழைய பிரிண்ட்கே-ரேட்லிமிட் இன்னும் மோசம், அதற்கு கெர்னல் முழுவதுக்கும் ஒரே கணக்குதான். ஒரு டிரைவர் கத்தினால் சம்பந்தமே இல்லாத இன்னொரு டிரைவரின் குரல் அடைபடும். அதனால்தான் புதிய நிரலில் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று செக்பேட்ச் எச்சரிக்கிறது.

சரி, புதியது எப்படி? "டெவ்" என்று தொடங்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, ஒரு சாதனத்தின் பெயரோடு செய்தியை அச்சிடுவது. அதன் ஒன்ஸ், ரேட்லிமிடெட் வடிவங்களைப் பார்க்கிறவர் சாதனத்துக்கு ஒரு கணக்கு இருக்கும் என்றுதான் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேக்ரோவைத் திறந்து பாருங்கள், கணக்கு வைத்திருக்கும் மாறி ஸ்டாட்டிக். நிரலில் அந்த வரி எழுதப்பட்ட இடத்துக்கு ஒன்று, சாதனத்துக்கு ஒன்று அல்ல. ஒரே டிரைவரில் இரண்டு டிஸ்க் ஓடினால், முதல் டிஸ்க் தன் ஒரு தடவையைச் சொல்லிவிட்டால் இரண்டாவது டிஸ்க்கின் முதல் தடவை வரவே வராது. பெயரில் சாதனம் இருக்கிறது, ஞாபகத்தில் இல்லை. தடுக்கப்பட்டவை எத்தனை என்று சொல்லும் வரியிலும் ஃபங்ஷன் பெயரும் எண்ணிக்கையும்தான், எந்தச் சாதனம் என்பது இல்லை. என் பெர்ல் ஸ்கிரிப்ட் செய்ததும் இதைத்தானே?

இங்கே ஊர்க்கதை ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மானாம்பதிக்குப் பக்கத்து ஊர் உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு இருப்பது பலருக்கும் தெரியும். ஒன்று பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, 919. இன்னொன்று பதினான்காம் ஆட்சியாண்டு, 921. இரண்டும் ஒரே சபை, ஒரே முப்பது குடும்பு, ஒரே வாரியத் தேர்தல் பற்றியவை. சொந்த மனையில் வீடு, இறை செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம் என்று தகுதிகளும் பெரும்பாலும் அதேதான். அவசரமாகப் பார்ப்பவர் இரண்டாவதை முதலாவதின் நகல் என்று தள்ளிவிடுவார். ஆனால் வயது வரம்பைப் பாருங்கள். 919-இல் 30-க்கு மேல் 60-க்குள். 921-இல் 35-க்கு மேல் 70-க்குள். இரண்டே வருஷத்தில் சபை தன் விதியைத் திருத்தியிருக்கிறது. இளையவர்களுக்குக் கதவு கொஞ்சம் சாத்தப்பட்டது, மூத்தவர்களுக்குத் திறந்தது.

என் ஸ்கிரிப்ட்டை இந்த இரண்டு கல்வெட்டுகள் மேல் ஓட்டினால்? "* வயதுக்கு மேல் * வயதுக்குள்", இரண்டு தடவை. முடிந்தது வரலாறு. கல்வெட்டு படிப்பவர்கள் நேர்மாறாக வேலை செய்கிறார்கள். இரண்டு பாடங்களையும் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போவதை ஒதுக்கி, மாறும் இடத்தில் விரலை வைக்கிறார்கள். மறுபேச்சு அவர்களுக்குத் தொல்லை இல்லை, மாற்றம் தெரிவதற்கான பின்னணி.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். எதையும் தடுக்காதே, எல்லாம் வரட்டும் என்பது தீர்வு இல்லை. 2014 ஏப்ரலில் நடந்தது நினைவிருக்கலாம். கெர்னல் கட்டளை வரியில் "டீபக்" என்று கொடுத்தால் சிஸ்டம்டியும் அதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டு கெர்னல் பஃபருக்குள் கொட்ட ஆரம்பித்தது. சிலருக்குக் கணினி பூட்டே ஆகவில்லை. லைனஸ் டோர்வால்ட்ஸ் கோபமாகி, சிஸ்டம்டி உருவாக்கியவர்களில் ஒருவரான கே சீவர்ஸின் நிரலை இனி ஏற்கமாட்டேன் என்று வெளிப்படையாக எழுதினார். பிறகு 2016-இல் வந்த 4.8 கெர்னலில் யூசர்ஸ்பேஸ் நிரல்கள் கெர்னல் லாக்கில் எழுதுவதற்கே வேகக் கட்டுப்பாடு வந்தது. அந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் போகத்தான் வேண்டும், இல்லையென்றால் கரை உடையும். என் குறை, கலங்கலை மதகு என்று நினைத்துக்கொள்வதைப் பற்றித்தான். வேகக் கட்டுப்பாடு இயந்திரத்தைக் காப்பாற்றும். எந்தச் செய்தி முக்கியம் என்று அதற்குத் தெரியாது. முதலில் வந்த பத்துக்கு இடம், அவ்வளவுதான்.

இப்போது நான் லாக்கைச் சுருக்கும் எதையாவது எழுதினால் மூன்று விஷயம் பார்க்கிறேன்.

முதலாவது, எந்த எண் பெயர், எந்த எண் அளவு என்று பிரிக்கிறேன். ஏடிஏ3-இல் உள்ள 3 ஒரு பெயர், அதைத் தொடக்கூடாது. செக்டர் எண், நேரம் போன்றவை அளவு. அவற்றை மடிக்கலாம், மடித்தாலும் முதலும் கடைசியும் நிற்க வேண்டும்.

இரண்டாவது, கண்ணுக்கு மறைப்பதும் அழிப்பதும் வேறு வேறு. "கொயட்" கொடுத்தால் கன்சோல் அமைதியாகும், பஃபரில் எல்லாம் இருக்கும். டிராவிஸ் டீபக் நிலைக்கு இறக்கியதும் அப்படித்தான். ரேட்லிமிட் தள்ளிவிட்டது எங்கேயும் இல்லை. முதலாவது போதும் என்றால் இரண்டாவதுக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, சுருக்கிய வரியில் ஓர் இல்லாமை தெரியுமா? ஏழாவது செயலி வரவில்லை என்றால் அந்த வரியைப் பார்த்தே சொல்ல முடியுமா? முடியாது என்றால் அது வரிகளைக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

டிராவிஸ் தன் குறிப்பில், கூடுதல் தகவல் எதுவும் இல்லாத மறுபேச்சைத்தான் குறைப்பதாகச் சொல்கிறார். அவர் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது. ஆனால் "கூடுதல் தகவல் இல்லை" என்று முடிவு செய்வது அந்த வரியை எழுதியவரோ, எரிச்சலில் ஃபில்டர் போடுகிறவரோ. அதைப் படித்து முடிவெடுக்கப்போகிறவர் பெரும்பாலும் வேறு ஒருவர், வேறு ஒரு ராத்திரியில்.

அந்த பெர்ல் ஸ்கிரிப்ட்டை நான் இன்னும் அழிக்கவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அதைக் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேட்பேன். பலர் வேகத்தைப் பற்றிச் சொல்வார்கள், சிலர் ரெகெக்ஸைக் குறை சொல்வார்கள். போன வருஷம் ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இதுல எந்த டிஸ்க்குன்னு தெரியாதே?" என்று கேட்டாள்.